எரித்த பிறகு வந்தவருக்கு

என் அம்மாவுக்குப் பூட்டனும், எனக்கு என்ன முறை என்று சரியாகச் சொல்லத் தெரியாதவருமான அன்புக்குரிய பெரியவருக்கு,

நிலத்துக்கு அடியில் கரி வெட்டிக்கொண்டிருந்தபோது, மேலே விடிந்துவிட்டதா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? சிறு வயதிலிருந்து என்னோடு வருகிற கேள்வி இது. பதில் என்னிடம் இல்லை. வாசித்துப் பார்த்தேன். சுரங்கங்களைப் பற்றித் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். மணி அடிப்பார்கள், ஆள் மாறுவார்கள், அதை வைத்துத் தெரியும் என்றார்கள். அப்படியானால் நேரம் தெரிந்திருக்கும். விடிந்தது தெரிந்திருக்குமா?

நான் இதை எழுதுவது லண்டனில், ஸ்ட்ரெதமில், இரண்டாம் மாடியிலுள்ள என் சமையலறை மேசையில். இங்கே ஆடி மாதத்துச் சூரியன் போக மனமில்லாமல் நிற்கும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் சுவரில் வெளிச்சம் இருக்கிறது. நாளை ஆடி அமாவாசை. நாளைக்கு நாங்கள் செய்யப்போகும் ஒரு காரியத்தைப் பற்றி உங்களிடம்தான் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் அதைப் பட்டு அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இரசாயனம் படித்தேன். இந்த நகரத்தின் குழாய்த் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பரிசோதிப்பது என் வேலை. தெளிந்த தண்ணீரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் எனக்கு அதே குணம் என்று மாமா சொல்வார். மாமா அம்மாவின் தம்பி. தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். "இவளுக்கு முருகன் நேரில வந்து நிண்டாலும் ஐடி கேப்பாள்" என்பது அவருடைய நிரந்தரப் பகிடி.

எங்கள் தெருவின் நடைபாதையில் வட்டமான இரும்புத் தட்டுகள் பதித்திருக்கிறார்கள். முன்பு வண்டியில் கரி கொண்டுவருகிறவர்கள் அந்தத் தட்டைத் தூக்கி, வீட்டுக்கு அடியிலிருக்கும் அறைக்குள் கரியைக் கொட்டுவார்களாம். இப்போது அவற்றை யாரும் திறப்பதில்லை. இந்த நகரத்தில் இப்போது வீட்டு அடுப்பில் கரி எரிக்கவே தடை. நீங்கள் வெட்டிய கரி இங்கே வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அது கீழைக் கடலில் ஓடிய நீராவிக் கப்பல்களுக்குப் போயிருக்கும். ஆனாலும் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தத் தட்டுகளை மிதிக்காமல் விலகி நடக்கிறேன். யாராவது கேட்டால் மழைக்கு வழுக்கும் என்று சொல்வேன்.

சில வேளை கனவில் நீங்கள் அந்தத் தெருவுக்கு அடியில் நடந்து வருகிறீர்கள். நான் மேலே நடக்கிறேன். எனக்கு நேர் கீழே உங்கள் கையிலுள்ள தடி ஒவ்வோர் இரும்புத் தட்டையும் தட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறது. நான் நின்றால் நீங்களும் நிற்கிறீர்கள். ஸ்டேஷன் வரைக்கும் அப்படியே போகிறோம். அங்கே ரயில் சத்தத்தில் உங்களைத் தொலைத்துவிடுகிறேன்.

உங்களைப் பற்றி எங்களிடம் வந்து சேர்ந்தது கொஞ்சம். ஒரு வேலிச் சண்டை. பக்கத்துக் காணிக்காரர் வேலியை உங்கள் பக்கம் தள்ளி அடைத்துவிட்டார். நீங்கள் வேலியில் நட்டிருந்த கதியால் தடி ஒன்றைப் பிடுங்கினீர்கள். அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை. அம்மா சொல்லும் கதையில் கதியால் கைதவறிப் பட்டது. மாமா சொல்லும் கதையில் கை தவறவேயில்லை. வெள்ளைக்காரனின் நீதிமன்றம் உங்களைத் தூக்கில் போடாமல் கப்பலில் ஏற்றியது. முதலில் மலாக்கா. பிறகு போர்னியோக் கரைக்குப் பக்கத்தில் ஒரு தீவு. அங்கே நிலக்கரிச் சுரங்கம்.

அந்தச் சுரங்கத்தைப் பற்றி நீங்கள் உங்கள் மனைவிக்குச் சொன்னதாக ஒரு சில வசனங்கள் மிஞ்சியிருக்கின்றன. வெளியே மழை என்றால் உள்ளேயும் மழை. குனிந்தே வேலை செய்து, நிமிர்ந்து நிற்பது மறந்துபோகும். கூடையை இழுக்கும்போது முன்னால் போகிறவனின் குதிகால்தான் வழி. அங்கே சீனர், மலாயர், வங்காளி, நீங்கள் எல்லோரும் கைதிகள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. விளக்கு அணைந்துபோனால் ஒவ்வொருவராக அவரவர் பெயரை உரக்கச் சொல்வீர்களாம். பெயர் வந்தால் ஆள் இருக்கிறான். வராவிட்டால் அந்தப் பக்கம் கையை நீட்டித் தடவிப் பார்ப்பீர்களாம்.

வீட்டில் ஆண்டுகள் போயின. ஒரு சேதியும் இல்லை. பொட்டு எதற்கு, தாலி எதற்கு என்று ஊர் உங்கள் மனைவியைக் கேட்கத் தொடங்கியது. கடைசியில் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, உங்கள் பெயரைச் சொல்லி, அதை எரித்தார்கள். அவர் வெள்ளை உடுத்தார். அதற்குப் பிறகு எத்தனை மாதமோ, ஒரு மத்தியானம் நீங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றீர்கள்.

உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. எரித்த மனிதரை வீட்டுக்குள் எப்படி எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. குருக்களைக் கூட்டிவந்தார்கள். அவர் யோசித்துவிட்டு, செத்தவர் திரும்பி வருவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, பிறந்து வரவேண்டும் என்றார்.

ஆகவே பிறந்தீர்கள். மருத்துவிச்சி வந்து உங்களைக் குளிப்பாட்டினாள். பழஞ்சேலையில் சுற்றி, நாக்கில் தேன் தொட்டு வைத்தார்கள். நெற்றியிலும் தோளிலும் நீலமாக இருந்த தழும்புகளை அவள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாளாம், போகவில்லை. முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டைப் போல, துடக்குக் கழித்து, உங்கள் தங்கை உங்கள் காதில் ஒரு புதுப் பெயரைச் சொன்னாள். பிறகு உங்கள் மனைவிக்கே மறுபடியும் தாலி கட்டினீர்கள். "தாடியோட பிறந்து தன்ர பெண்சாதியையே கட்டின பிள்ளை" என்று மாமா சிரிப்பார். அந்த இரண்டாவது தாலிக்குப் பிறகு பிறந்த பிள்ளையின் வழி நாங்கள்.

படலையில் நின்று உங்கள் மனைவியை வெள்ளைச் சேலையில் கண்டபோது என்ன நினைத்தீர்கள்? யாருக்காக என்று கேட்டீர்களா? கேட்காமலே விளங்கியதா?

நான் இந்தக் கதையை நெடுங்காலம் நம்பவில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு புதையல் கதை இருக்கும், எங்களுக்குப் புதையல் வாய்க்காமல் ஒரு கைதி வாய்த்தார் என்று நினைத்தேன். இங்குள்ள ஆவணக் காப்பகத்திலும் ஒரு முறை தேடினேன். நீங்களாக இருக்கக்கூடியவர்கள் பலர் அகப்பட்டார்கள். நீங்கள்தான் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை.

பிறகு ஒரு கோடையில் வேலைத்தலத்து நண்பர்களோடு வேல்ஸுக்குப் போனேன். மூடிவிட்ட சுரங்கம் ஒன்றை அங்கே பார்வையாளருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்களைக் கூட்டிப்போனவர் முன்பு அதே சுரங்கத்தில் வேலை செய்தவர். ஓரிடத்தில் எங்களை மறித்துவிட்டு, தலைக்கு மேலிருந்த பாறையைத் தடியால் தட்டி, தலையைச் சரித்துக் கேட்டார். அதற்குப் பிறகே எங்களை வரவிட்டார். பாறை இறுகியிருந்தால் சத்தம் கணீரென்று வரும், பிளவு விட்டிருந்தால் மந்தமாக வரும் என்றார். அவருடைய புருவத்துக்கு மேல் ஒரு நீலத் தழும்பு இருந்தது. காயத்துக்குள் கரித்தூள் போய், அதன் மேல் தோல் மூடினால் அப்படித்தான் ஆகுமாம்.

மற்றவர்கள் முன்னே போக, நான் பின்தங்கி நின்றுவிட்டேன். தழும்பைக் கண்டதால் அல்ல. அதை எங்கேயோ கேட்டவர்கள் உங்கள் கதையில் சேர்த்திருக்கலாம். அந்தத் தட்டலைத்தான் என்னால் விளக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் புது வீடொன்றுக்குள் போகும்போது வாசல் நிலையின் மேற்கட்டையை விரல் முட்டியால் தட்டி, தலையைச் சரித்து, ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். ஏன் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. இந்த நகரத்தின் தெற்கோரம், சட்டனில் அம்மாவுக்கு வீடு பார்த்தபோது, காட்ட வந்தவர் சமையலறையின் புதுமையை விபரித்துக்கொண்டிருக்க, அம்மா ஒவ்வோர் அறை நிலையையும் தட்டிக்கொண்டே போனார். மரத்தை ஏதும் அரிக்கிறதா என்று அந்த மனிதர் பயந்துபோனார். நானும் தட்டுவேன், யாரும் பார்க்காத நேரம் பார்த்து. தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடுகளின் ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கூரையைத் தட்டிக் கேட்க யார் பழக்கியது?

அன்றைக்கு நம்பினேன். கதை முழுவதையும் அல்ல. உங்களை மட்டும்.

உங்களுக்கு நடந்ததால் எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் வந்தது. உடம்பைக் காணாமல் எரிப்பதில்லை. அந்தச் சட்டம் என் காலத்தில் என் அண்ணாமேல் வந்து விழுந்தது.

ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசி நாட்களில், அங்கேயே இருந்த அண்ணா காணாமற்போனார். ஒரு பஸ்ஸில் அவரை ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் இல்லை. அப்பாவும் அம்மாவும் நானும் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டோம். அப்பா காலமானபோது எல்லாவற்றையும் முறைப்படி செய்த அம்மா, அண்ணாவுக்கு ஒன்றும் செய்யமாட்டேன் என்றார். மாமா ஆண்டுதோறும் கேட்பார். பெடியனுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் அவன் அலைவான் அக்கா என்பார்.

"அலையட்டும்," என்பார் அம்மா. "அலைஞ்சால்தானே வீட்டைக் கண்டுபிடிப்பான்."

வெளியில் சொல்லாவிட்டாலும் நான் மாமாவின் பக்கம். அண்ணா அலைவார் என்று பயந்து அல்ல. அம்மா ஆறவேண்டும் என்று. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவருடைய முகம் ஒரு கணம் இளமையாகி, பிறகு பழையபடி ஆவதைப் பார்த்து எனக்குக் களைத்துவிட்டது.

இந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் அம்மாவே போன் எடுத்து, ஆடி அமாவாசைக்கு அண்ணாவுக்குச் செய்வம், குருக்களுக்குச் சொல்லு என்றார். சீனி முடிந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் யன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம், ஆறுதல், வெட்கம், எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. முடிந்தது என்று மட்டும் நினைத்தேன். மாமா தனக்குத் தெரிந்த குருக்களோடு கதைத்தார். நான் வேலைக்கு லீவு எடுத்தேன்.

போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமாவின் கடைக்குப் போனேன். விரதம் முடித்துச் சாப்பிடும்போது காத்தோட்டிக்காய் வேண்டும் அல்லவா? ஆடி அமாவாசைக்கு அந்தக் கசப்பு இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. வருடத்தில் இந்த ஒரு வாரம்தான் விமானத்தில் வந்து இறங்கும். மாமா எங்களுக்கென்று ஒரு பை மறைத்து வைத்திருந்தார். திரும்பிவரும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வெளியே பார்த்தபடி சொன்னார்.

"செய்தால்தான் வருவான்."

எனக்கு விளங்கவில்லை. யாரம்மா என்று கேட்டேன்.

"யோசிச்சுப் பார், பிள்ளை. பூட்டன் எப்ப வந்தவர்? எரிக்க முந்தியோ, எரிச்ச பிறகோ?"

"பிறகு."

"அப்ப?"

ஒரு நிறுத்தம் போனது. ஒரு தாய் குழந்தை வண்டிலோடு ஏறினாள். அம்மா அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"இவ்வளவு காலமும் நான்தான் அவனை மறிச்சு வைச்சிருக்கிறன்."

அது அப்படியில்லை அம்மா என்றேன். ஏன் இல்லை, நீ படித்தவள்தானே, சொல்லு என்றார். சொல்வதற்கு என்னிடம் இருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் அதனால் இது வந்ததாக ஆகாது. ஒரு மனிதருக்கு நடந்ததை வைத்து விதி எழுத ஏலாது. பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்திலேயே இதையெல்லாம் படித்துவிட்டேன். பஸ்ஸில் நான் செய்தது, அம்மாவின் மடியிலிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டது மட்டும்.

அம்மா தொடர்ந்து பேசினார். வந்தால் உள்ளே எடுப்பது எப்படியென்று எங்களுக்குத் தெரியும், மற்ற ஆட்களைப் போல முழிக்கத் தேவையில்லை என்றார். குளிக்க வார்ப்பது, தேன் வைப்பது எல்லாம் தன்னால் ஏலும். ஒன்றுதான் ஏலாது.

"முப்பத்தொண்டில பேர் தங்கச்சிதான் வைக்கவேணும். நீ ஒரு பேர் யோசிச்சு வை."

மாமாவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அப்ப இது வழியனுப்புறதோ, வரவழைக்கிறதோ என்று பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் குரல் ஒத்துவரவில்லை. கடைசியில், "விடு பிள்ளை. செய்யிறதால என்ன குறைஞ்சிடும்?" என்றார்.

என்ன குறையும் என்று எனக்குத் தெரியும். இதுவரைக்கும் அம்மா காத்திருந்தது ஒரு சட்டத்தின் கீழ். செய்யாமல் இருப்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது. நாளைக்குப் பிறகு அவர் செய்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஒரு மாதம் போகும், ஒரு வருடம் போகும். செய்தும் வரவில்லையே என்று அவர் ஒருநாள் நினைப்பார். அன்றைக்கு அவர் பிடித்துக்கொண்டு நிற்க என்ன இருக்கும்? நாளை காலை, குருக்கள் தொடங்குவதற்கு முன், இதை நான் அம்மாவிடம் சொல்லி நிறுத்தவேண்டுமா?

இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். அவர்கள் எரித்ததாலா வந்தீர்கள்? அந்தத் தீவில் ஒரு நாள், கரிக்கூடையோடு குனிந்து போகும்போது, காரணமில்லாமல் உடம்பு இலேசானதா? யாரோ உங்கள் பெயரைச் சொன்னதுபோல் இருந்ததா? இல்லை, தண்டனைக் காலம் முடிந்தது, கப்பல் கிடைத்தது, வந்தீர்கள், அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்று நீங்கள் சொன்னால் நம்புவேன். சொல்லமாட்டீர்கள்.

சுவரில் இருந்த வெளிச்சம் மேல்மூலைக்கு ஏறிவிட்டது. கீழே யாரோ இரும்புத் தட்டின் மேல் நடந்து போகிறார்கள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். மறுநாள் நடந்தது இது.

சட்டனில் மழைத் தூறல். அம்மாவின் வீட்டுக் கராஜில் பழைய சைக்கிளையும் பெயின்ட் வாளிகளையும் ஒதுக்கி, மாமா பாய் விரித்திருந்தார். நான் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அம்மா குளித்து, ஈரத் தலையோடு வந்தார். கராஜுக்குள் வருவதற்கு முன் கதவின் மேற்சட்டத்தை விரல் முட்டியால் தட்டினார். அத்தனை வருடம் அவர் புழங்கிய கராஜ் அது. தலையைச் சரித்து, ஒரு மூச்சு நின்று கேட்டார். பிறகு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குருக்கள் தர்ப்பையை மடித்துக் கையளவில் ஓர் உருவம் செய்தார். பெயர் கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அண்ணாவின் முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதுபோல, தெளிவாகச் சொன்னார். கேக் சுடும் தட்டம் ஒன்றில் வைத்து மாமா அதை எரித்தார். புகை வீட்டுக்குள் போய் அலாரம் கத்தத் தொடங்கியது. மாமா வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஒரு துவாயால் விசிறினார். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கிழவி எல்லாம் சரிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா, "ஓம், ஓம்" என்று தமிழில் பதில் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது.

குருக்கள் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். காத்தோட்டிக்காய் இந்த முறை நல்ல கசப்பு. பாதியில் வாசல் மணி அடித்தது. எனக்கு முன்னே அம்மா எழும்பிவிட்டார். அந்த முழங்கால்களோடு அவ்வளவு விரைவாக எழும்புவார் என்று நான் நினைக்கவில்லை. மாமா பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார். அம்மா ஒரு பார்சலோடு திரும்பிவந்து, அதைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்தார். பக்கத்து வீட்டுக்காம் என்றார். உட்கார்ந்து, இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்தார். தூறல் விட்டிருந்தது.

"பேர் யோசிச்சனியோ?"

"ஓம்," என்றேன்.

காதைக் காட்டினார். நான் குனிந்து சொன்னேன். அவர் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பி, யாரையோ சாப்பிட வரச்சொல்வதுபோல, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"கூப்பிட வசதியான பேர்," என்றார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அண்ணா வருவார் என்று உங்களுக்கு நான் சொல்ல ஏலாது. எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெயரை வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். அம்மா கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்வேன். அம்மா இல்லாத காலத்திலும், எந்த வீட்டில் இருந்தாலும், இருட்டினால் ஒரு முறை சொல்லிவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் நிற்பேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் பூட்டப்பிள்ளையின் மகள்,
பெயர் வைக்கவேண்டிய தங்கை.